இடைதுறை நாட்டு வழக்கு

ராய்ச்சூர்க் கோட்டையின் உள்மதிலில், சுண்ணாம்புக் காரையின் உதவியின்றியே ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட கருங்கற்களின் நடுவே, ஏறக்குறைய 40 அடி நீளமுள்ள ஒற்றைக்கல் ஒன்று இருக்கிறது. காகதீயரின் சேனைத் தலைவர்களுள் ஒருவனான விட்டலன் என்பவன் ஆதவானி, மானுவ முதலிய கோட்டைகளைப் பிடித்துக்கொண்டு ராய்ச்சூருக்குள் புகுந்து, சகல ஜனங்களின் ரக்ஷணையின் பொருட்டு இக்கோட்டையைக் கட்டுவித்தான் என்று 1294ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று அக்கல்லின்மீது அறிவிக்கிறது. ஆனால் அங்கே போய் நிற்பவரை அதிகநேரம் நிறுத்திவைப்பது அந்தச் சாசனம் அன்று. மேற்குச் சுவரில் கீறப்பட்டிருக்கும் ஒரு சித்திரந்தான். ஆரக்கால் இல்லாத கட்டைச் சக்கரங்கள் பூண்ட வண்டியொன்றின்மேல் அந்த நெடுங்கல் கிடத்தப்பட்டிருக்கிறது. முன்னே எருமைக் கடாக்கள் ஜோடிஜோடியாக நீண்ட வரிசையில் பூட்டப்பட்டிருக்கின்றன. ஜோடிக்கு ஓர் ஆள் நின்று அதட்டி ஓட்டுகிறான். பின்புறத்தில் சிலர் நெம்புகோல்களைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து, முதுகு வளைய உந்துகிறார்கள். யுத்தங்களைப் பற்றிய நம் சாசனங்களில் அரசர்களின் பெயர் வரும், யானைகளின் தொகை வரும். கல் சுமந்தவனின் முதுகு வருவது அபூர்வம்.

இத்தனை பாடுபட்டு ஏற்றிய அந்தக் கல் ரக்ஷித்த ஜனங்கள் எவரென்று கேட்டால் விடை சொல்வது சுலபமன்று. ஏனெனில் அது மதிலேறிய நாள் தொடங்கித் தலைக்கோட்டைப் போர் நடந்த 1565 வரையிலும் உள்ள 271 ஆண்டுகளில், காகதீயர் கொடி இறங்கி டில்லியின் கொடியும், அதன்பின் பாமினிக் கொடியும், விஜயநகரத்தின் வராகக் கொடியும், பிஜப்பூரின் கொடியும் மாறிமாறி அதன்மேல் ஏறின. அவற்றுள் சில இறங்கியபின் மறுபடியும் ஏறின. கிருஷ்ணை நதிக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு பிரதேசத்திற்காக இரு பெரும் ராஜ்யங்கள் எதற்காக இவ்வளவு ரத்தம் சிந்தின என்பதே இக்கட்டுரையில் விசாரிக்கப் புகுந்த பொருள்.

அப்பிரதேசத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். பாரசீக மொழியைக் கையாண்ட அதிகாரிகள் அதனைத் 'தோஆப்' என்றார்கள். இரு நீர் என்பது பொருள். தெலுங்கர் அதன் கீழ்ப்பகுதியை 'நடிகட்டா' என்பர். கன்னடச் சாசனங்களில் அது 'எடெதொறெ' என்று வழங்கும். தொறெ என்றால் ஆறு. நம் தமிழ்க் கல்வெட்டுக்களில், முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை அடுக்கும்போது முதலில் நிற்கும் 'இடைதுறை நாடு' இதுவேயென்று சாசன அறிஞர் பிளீட் எடுத்துக்காட்டினார். நான்கு மொழியினர் நான்கு காலங்களில் பெயரிட்டும், எல்லோருமாக அதன் இரு பக்கத்திலும் இருக்கும் ஆறுகளைக் குறித்தார்களேயொழிய, நடுவே கிடக்கும் மண்ணுக்கென்று ஒரு பெயர் வைக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. அந்நாட்டின் தலையெழுத்து முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மண் அப்படியொன்றும் ஆசையைத் தூண்டும் மண்ணன்று. மழை குறைவு, கரிசல் நிலம் மிகுதி, சோளமும் பருத்தியும் விளையும். துங்கபத்திரை அணை 1953இல் நிறைவெய்தி, இடதுகரைக் கால்வாயில் நீர் ஓடத் தொடங்கிய பிறகு சிந்தனூர், மான்வி வட்டாரங்களில் நெல் வயல்களைக் காணும் இக்காலத்தவர், பழைய அரசர்களும் இந்த நெல்லுக்காகவே போரிட்டார்கள் என்று எண்ணிவிடலாகாது. தங்கம் இருந்தது உண்மை. ஹட்டியில் பழங்காலத்தார் பாறையைக் குடைந்து பல நூறு அடி ஆழம் இறங்கிய சுரங்கங்கள் உண்டு; இன்றும் அங்கே தங்கம் எடுக்கிறார்கள். அசோகனின் பெயரையே நேராகச் சொல்லும் மாஸ்கிச் சாசனத்தை 1915இல் கண்டுபிடித்தவர் ஒரு தங்கச் சுரங்கப் பொறியாளர் என்பதிலிருந்து, அப்பக்கத்தில் யார் எதைத் தேடி அலைந்தார்கள் என்பதை ஊகிக்கலாம். ஆயினும், தங்கம் ஒன்றே காரணமாயின் வென்றவன் சுரங்கத்தைக் காத்துக்கொண்டு மற்றதை விட்டிருப்பான். அப்படி எவனும் செய்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ராய்ச்சூர், முத்கல் என்னும் இரண்டு கோட்டைகளையும், அவற்றோடு ஒரு நதியையுமே.

விஜயநகரத்திற்கும் பாமினி ராஜ்யத்திற்கும் முன்னமேயே இவ்வழக்குத் தொடங்கிவிட்டது. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கியரும் தஞ்சையிலிருந்தும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தும் ஆண்ட சோழரும், வேங்கி நாட்டைப் பற்றியும் துங்கபத்திரைக் கரையைப் பற்றியும் பதினோராம் நூற்றாண்டு முழுவதும் ஓயாமல் பொருதார்கள். 1054இல் கொப்பத்தில், களத்தின் நடுவே முதலாம் ராஜாதிராஜன் யானையின்மேலிருந்தபடியே மாண்டதும், அவனுடைய தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அக்களத்திலேயே முடி சூடிக்கொண்டு தோல்வியை வெற்றியாக மாற்றியதும் தமிழர் அறிந்த சரித்திரம். அங்கே எதிரெதிரே நின்ற இருவரும் சிவனை வழிபட்டவர்கள். பிற்காலத்து ராய்ச்சூர் யுத்தங்களை இரு மதங்களின் மோதலென்று சுருக்கிச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மதம் ஒன்றாயிருந்த காலத்திலும் அதே நதிக்கரையில் அதே சண்டை நடந்தது என்பதை அவ்வாறு சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1336இல் தோன்றியதென்று மரபு கூறும் விஜயநகரம் துங்கபத்திரையின் தென்கரையிலேயே, நீரில் காலை நனைத்துக்கொண்டு நின்ற தலைநகரம். 1347இல் அலாவுதீன் ஹசன் பாமன்ஷா நிறுவிய பாமினி ராஜ்யத்தின் தலைநகரமான குல்பர்கா கிருஷ்ணைக்கு வடக்கே, பீமா நதியையும் கடந்து இருந்தது. ஆகவே, இடைதுறை நாடு சுல்தான் கையில் இருக்குமாயின், ராயர் தம் அரண்மனை மேல்மாடத்தில் ஏறி நின்றால் அக்கரையில் பகைவனின் கூடாரத்தைப் பார்க்கவேண்டிய நிலைமை. ராயர் கையில் இருக்குமாயின், கிருஷ்ணையின் ஆழமற்ற துறைகள் அனைத்தும் அவர் வசமாகி, கோடையில் நீர் வற்றியதும் குல்பர்கா வரையில் தடுப்பதற்குப் பீமாவையன்றி இன்னொரு பெருநதி இல்லாத நிலைமை. ஒரு நதி மட்டும் இருந்திருப்பின் இரு திறத்தாரும் அதையே எல்லையென்று ஒப்புக்கொண்டு பெருமூச்சு விட்டிருக்கக்கூடும். இங்கே இயற்கையே இரண்டு எல்லைகளை வகுத்துவிட்டு, எது மெய்யான எல்லையென்று சொல்லாமல் போய்விட்டது.

இந்தக் கருத்து நாம் இன்று வகுத்துக்கொள்வதன்று. அக்காலத்து அரசர்களே அதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். பிஜப்பூரில் இரண்டாம் இப்ராஹிம் ஆதில்ஷாவின் ஆதரவில் இருந்து பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பெருஞ்சரித்திரத்தை எழுதிய பெரிஷ்டா, பாமினி சுல்தான் முஜாஹித்ஷா 1375இல் பட்டத்திற்கு வந்தவுடன் ராயருக்கு அனுப்பிய ஓலையின் சாரத்தைத் தருகிறார். இரு நதிகளுக்கும் நடுவே சில கோட்டைகளையும் சீமைகளையும் இருவரும் பங்காக அனுபவிப்பதால் ஓயாத சச்சரவு உண்டாகிறது. ஆதலால் இனி ராயர் துங்கபத்திரையோடு நின்றுகொண்டு, அதற்கு வடக்கேயுள்ளதையெல்லாம் விட்டுவிடவேண்டும். பங்காபுரத்தையும் தரவேண்டும் என்பது சுல்தானின் கோரிக்கை. ராயரின் மறுமொழியோ, ராய்ச்சூரும் முத்கலும் தலைமுறை தலைமுறையாகத் தம் வம்சத்துக்கே உரியவை. சுல்தான் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிருஷ்ணையோடு நின்றுகொள்வதே நியாயம். முன்பு அவர் தகப்பனார் கொண்டுபோன யானைகளையும் அனுப்பிவைக்கவேண்டும் என்பதாக இருந்தது. கிராமத்தில் வரப்புத் தகராறு நடத்தும் இரண்டு பங்காளிகள் கணக்கப்பிள்ளையின் முன் நின்று பேசுவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து புதிதாகத் தோன்றாது. யானைகளைப் பற்றிய அந்தக் கடைசி வார்த்தைகூட, ஆடு மேய்ந்த பழைய கணக்கை எடுத்துப் போடும் தோரணையில்தான் இருக்கிறது.

பெரிஷ்டாவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அவர் விஜயநகரத்து ராயர்களின் பெயர்களைக் குழப்புகிறார். விஜயநகரத்து ராயரான புக்கரையே கிஷன்ராயர் என்று எழுதுகிறார். மாண்டவர்களின் தொகையை லக்ஷக் கணக்கில் வாரி இறைப்பதில் அவருக்குச் சிக்கனமே கிடையாது. தம்மைப் போஷித்த வம்சத்தின் புகழ் குன்றாமல் பார்த்துக்கொள்வதும் அவர் கடமையாக இருந்தது. ஆனால் மனிதர்கள் எதற்காகக் கோபித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்வதில் அவருக்கு நிகரான சரித்திரக்காரர் தக்ஷிணத்தில் இல்லை. அந்தக் கோபங்களெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளினாலும், அக்காலத்தார் எவற்றைப் போருக்குப் போதுமான காரணமாகக் கருதினார்கள் என்பதற்கு அவையே சாக்ஷியாகும்.

உதாரணமாக, பாமினி சுல்தான் முதலாம் முகம்மதுஷா காலத்தில் மூண்ட யுத்தத்தை அவர் வர்ணிக்கும் முறையைப் பார்க்கலாம். சுல்தான் ஒரு விருந்தில் பாடகர்களின் கானத்தில் லயித்து, அவர்களுக்குச் சன்மானமாக விஜயநகரத்துக் கஜானாவின்மேல் உண்டியல் எழுதிக் கொடுத்தாராம். புக்கர் அந்த உண்டியலைக் கொண்டுவந்த தூதனைக் கழுதைமேல் ஏற்றி நகரைச் சுற்றிவரச் செய்து துரத்திவிட்டு, உடனே நதியைக் கடந்து முத்கல் கோட்டையைப் பிடித்துக் காவற்படையை வெட்டி வீழ்த்தினார். அதன்பின் சுல்தான் எடுத்த பழிவாங்கும் சபதமும், ஊர்கள் எரிந்ததும், இறுதியில் ராயரின் தூதர்கள் மன்றாடியதன்பேரில் இனி இரு தரத்தாரும் போர் செய்யாத குடிகளைக் கொல்வதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டதும் அந்தக் கதையின் தொடர்ச்சி. உண்டியலை எழுதிய கை குடிபோதையில் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், புக்கரின் சேனை நேராக முத்கலுக்குப் போனது போதையில் அன்று.

பெரிஷ்டா சொல்லும் மற்றொரு கதையும் உண்டு. 1398இல் ராயரின் சேனை கிருஷ்ணையின் தென்கரையில் இறங்கியிருந்தது, நதியில் வெள்ளம், எதிர்க்கரையில் பாமினி சுல்தான் பிரோஸ்ஷா செய்வதறியாமல் நின்றார். காஜி சிராஜ் என்பவர் சில தோழர்களோடு பிச்சைக்கார வேஷத்தில் நதியைக் கடந்து, ராயரின் பாளையத்தில் இருந்த ஒரு நாட்டியக்காரியிடம் பழக்கம் செய்துகொண்டு, அவள் மூலமாக ராஜகுமாரனின் கூடாரத்துக் கூத்தில் தாமும் ஆடுவதற்கு இடம் பெற்று, கையில் கட்டாரி பிடித்து ஆடிய ஆட்டத்தின் நடுவே அவனைக் குத்திக் கொன்றார். பாளையம் இருட்டில் அல்லோலகல்லோலப்பட்ட வேளையில் பிரோஸ்ஷா பரிசல்களில் படையை இக்கரை சேர்த்தார். நம்முடைய கூத்துமேடைக்கென்றே பிறந்த கதை இது. ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் செய்தி பரிசலும் வெள்ளமுந்தான்: தென்மேற்குப் பருவமழையில் கிருஷ்ணை பெருக்கெடுத்தால் அது மதிலாகிறது, துறையைப் பிடித்து நிற்பவன் நாலு மாதம் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த நிம்மதியே இரு தரத்தாரும் விலைக்கு வாங்க முயன்ற பண்டம்.

1406இல் நடந்த யுத்தத்திற்கு முத்கல் வட்டாரத்துத் தட்டாரின் மகள் ஒருத்தியின் அழகு காரணம் என்பார்கள். அவளைப் பற்றிக் கேள்வியுற்ற முதலாம் தேவராயர் அவளைக் கவர்ந்துவர 5,000 குதிரை வீரரை அனுப்ப, முன்னறிவிப்பு இல்லாத அப்பெண்ணின் குடும்பமும் ஊராரும் அவர்களைக் கண்டு ஓடிப்போக, வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப மனமின்றிச் சுல்தானின் ஊர்களைக் கொள்ளையடிக்க, போர் மூண்டது. முடிவில் தேவராயர் தம் மகளைப் பிரோஸ்ஷாவுக்கு விவாகம் செய்து கொடுத்து, பங்காபுரத்தைச் சீதனமாக விட்டு, 10 லக்ஷம் ஹூண் நாணயமும் யானைகளும் முத்துக்களும் தந்தார் என்கிறார் பெரிஷ்டா. தட்டாரின் மகளோ சுல்தானின் மூத்த குமாரனுக்கு மனைவியானாளாம். பட்டும் வெல்வெட்டும் விரித்த பாதையில் மாமனாரும் மருமகனும் விஜயநகரத்துக்குள் குதிரையேறிப் போனதையும், மூன்று நாள் விருந்துக்குப் பின் சுல்தான் விடைபெற்றபோது ராயர் பாதி வழி வந்து திரும்பிவிட்டதையும், கூடாரம் வரையில் வந்து விடவில்லையே என்று மருமகன் மனத்துக்குள் கறுவிக்கொண்டதையும் அவர் விவரமாக வர்ணிக்கிறார். இந்த விவாகம் நடந்ததா என்று ஐயுறுவோர் பலர். நம் வீடுகளில் சம்பந்திகள் தெருமுனை வரையில் வழியனுப்ப வரவில்லை என்று பத்து வருஷம் பேசாதிருப்பதைக் கண்டவர்களுக்கு, அந்த மனஸ்தாபத்தை நம்புவதில் மட்டும் கஷ்டமில்லை. எப்படியாயினும், அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் பாங்கல் கோட்டையின் எதிரே பிரோஸ்ஷா படுதோல்வியுற்றார்.

இரண்டாம் தேவராயர் வேறு மாதிரியான மனிதர். தம்முடைய சேனை பெரிதாயிருந்தும் ஏன் தோற்கிறது என்று மந்திராலோசனை நடத்தி, பாமினிப் படையின் குதிரைகளும் வில்லாளிகளும் மேம்பட்டவை என்று அறிந்தவுடன், முகம்மதிய வீரர்களைத் தம் படையில் சேர்த்து அவர்களுக்கு ஜாகீர்கள் அளித்தார். தம்மை வணங்குவது அவர்களுடைய மதத்திற்குக் குற்றமாகாதிருக்கும்பொருட்டுச் சிங்காதனத்தின் முன்பு குரானை வைக்கச் செய்தார் என்பர். அவர் காலத்தில், 1439இல், அகமதுகான் என்னும் சேவகன் ராயருக்குப் புண்ணியமாகும்படி 'தர்மசாலை' ஒன்று கட்டியதாகச் சாசனம் பொறித்த பள்ளிவாசல் இன்றும் ஹம்பியின் இடிபாடுகளிடையே நிற்கிறது. அந்தப் படையை நடத்திக்கொண்டு 1443இல் அவர் போன இடம் எதுவென்று சொல்லவேண்டுவதில்லை. முத்கல் விழுந்தது, ராய்ச்சூர் முற்றுகையிடப்பட்டது, இரண்டு மாதத்தில் மூன்று போர்கள் நடந்து, பலன் பெரிதாக ஒன்றும் இல்லாமல் சமாதானம் ஆயிற்று.

பாமினி ராஜ்யம் சிதைந்து ஐந்தாகப் பிரிந்தபோது இடைதுறை வழக்குப் பிஜப்பூரின் பங்கில் விழுந்தது. விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மர் சாகுந்தறுவாயில், தாம் பிடிக்காமல் விட்டுப்போகும் கோட்டைகளில் ராய்ச்சூரையும் உதயகிரியையும் பெயர் குறித்துச் சொல்லி, பின்வருவோர் அவற்றை மீட்கவேண்டும் என்று கட்டளையிட்டதாகப் போர்த்துகீசியக் குதிரை வியாபாரி பெர்னாவோ நூனிஸ் எழுதுகிறார். 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகரத்தில் இருந்த இவருடைய குறிப்பு பாரிஸ் நூலகத்தில் கிடந்து, 1897இல் லிஸ்பனில் அச்சாகி, 1900இல் ராபர்ட் சீவெல் என்னும் சென்னை சிவில் உத்தியோகஸ்தரின் ஆங்கில மொழிபெயர்ப்பால் நமக்குக் கிட்டியது. கிருஷ்ணதேவராயர் உதயகிரியை முடித்துவிட்டார், ராய்ச்சூர் பாக்கி. அதற்கு ஒரு வியாஜம் வேண்டியிருந்தது. குதிரை வாங்கிவரும்படி 40,000 பர்தாவோ நாணயம் கொடுத்துக் கோவாவுக்கு அனுப்பப்பட்ட முகம்மதிய வணிகன் ஒருவன் வழியில் பணத்தோடு பிஜப்பூர் சேர்ந்துவிட்டான். நூனிஸ் அவனைச் 'சீதே மெர்க்கார்' என்று எழுதுகிறார். சையது மரைக்காயர் என்பதே போர்த்துகீசிய நாவில் அப்படித் திரிந்தது என்று கொண்டால், நம் கீழைக்கரைத் துறைமுகங்களில் கேட்டுப் பழகிய பெயர் ஒன்று இந்த யுத்தத்தின் வாசற்படியில் நிற்கிறது. அவனைத் திருப்பி அனுப்பும்படி ராயர் கேட்டார். பிஜப்பூர்ச் சுல்தான் இஸ்மாயில் ஆதில்ஷா அனுப்பவில்லை. நாற்பதாண்டுச் சமாதானம் முறிந்தது.

நூனிஸ் கணக்குப்படி புறப்பட்ட சேனையில் காலாள் 7,03,000, குதிரை 32,600, யானை 551. தொகையை எவ்வளவு குறைத்துக்கொண்டாலும், அவர் வழிப்பயணத்தைப் பற்றிச் சொல்லும் சிறு செய்திகளைக் குறைக்கவேண்டியதில்லை. தாகத்தால் ஒருவரும் சாகாதிருக்கும்பொருட்டு 12,000 பேர் தோல் துருத்திகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வழிநெடுக நின்றார்கள். முன்னணிப் படை கடக்கையில் முழங்கால் நனைந்த ஆற்றைப் பின்னணி வந்து சேர்ந்தபோது மணலாகக் கண்டு ஊற்றுத் தோண்டியது. பாளையத்துக்குள்ளேயே தெருக்களும் கடைவீதியும் இருந்தன. இதெல்லாம் கோடை வெயிலில், கரிசல் காட்டில். கிருஷ்ணை வற்றும் பருவமே போருக்குரிய பருவம். ஆகவே தண்ணீருக்கு எல்லையிடும் சண்டை எப்பொழுதும் தண்ணீரில்லாத மாதத்தில் நடந்தது.

ராய்ச்சூரை மூன்று மாதமாக முற்றியிருந்தபோது இஸ்மாயில் கிருஷ்ணையைக் கடந்து வந்தார். 1520 மே 19ஆம் தேதியன்று பொழுது விடிந்ததும், முன்னேறிய ராயரின் முதலணி மீது பிஜப்பூரின் பீரங்கிகள் அனைத்தும் ஒரே முறையாக வெடித்தன. அணி உடைந்து ஓடியது. ராயர் தம் மோதிரத்தைக் கழற்றி ஒரு சேவகனிடம் கொடுத்து, தாம் மாண்டால் தேவிமார்கள் உடன்கட்டை ஏறுவதற்கு அதை அடையாளமாகக் காட்டச் சொல்லிவிட்டு, இரண்டாம் அணியோடு குதிரையைச் செலுத்தினார் என்கிறார் நூனிஸ். பீரங்கிகளில் மறுபடி மருந்து திணிப்பதற்குள் சண்டை கைகலப்பாகிவிட்டது. பிஜப்பூர்ச் சேனை பின்வாங்கி, எந்த நதியைக் காக்க வந்ததோ அந்த நதியிலேயே விழுந்து ஆயிரக்கணக்கில் மாண்டது. இதையே பெரிஷ்டா சொல்லும்போது, மதுவருந்திக் கானம் கேட்டுக்கொண்டிருந்த இஸ்மாயில் திடீரென்று ஆவேசமுற்று, போதிய பரிசல்கள் சேருமுன்னே சிறு படையோடு ஆற்றைத் தாண்டியதே தோல்விக்குக் காரணம் என்கிறார். ஒருவர் வென்றவனின் ஊரில் கேட்டதை எழுதினார். மற்றவர் தோற்றவனின் பேரனுக்குப் பின் வந்தவனின் சம்பளத்தில் எழுதினார்.

போர் முடிந்தும் கோட்டை விழவில்லை. அதன் மதிலில் 200 பெரிய பீரங்கிகள் இருந்தன. ஆனால் உயரத்திலிருந்த பீரங்கிகள் மதிலடியில் ஒட்டிக்கொண்டவனைச் சுடமாட்டா. ராயரின் தலைவர்கள், மதிற்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டு வருபவனுக்குக் கல்லின் அளவுக்குத் தக்கபடி பத்துப் பணம் முதல் ஐம்பது பணம் வரையில் விலை கொடுத்து வாங்கினார்கள்! 1294இல் எருமைகள் இழுத்துவந்த கல் 226 ஆண்டுக்குப் பின் இப்படி விலைபோகும் என்று அந்த நெம்புகோல்காரன் கனவு கண்டிருக்கமாட்டான். மேலிருந்து கல்லையும் அம்பையும் எறிந்து கோட்டைக்காரர் தடுத்தபோது, குதிரை விற்க வந்திருந்த கிறிஸ்தோவாவோ தெ பிகெய்ரேதோ என்னும் போர்த்துகீசியரும் அவரோடு இருந்த இருபது துப்பாக்கிக்காரரும், மதிலின்மேல் தலை காட்டியவர்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள். கோட்டைத் தலைவன் நிலைமையைக் காண எட்டிப் பார்த்தவன் நெற்றியில் குண்டு பாய்ந்து விழுந்தான். மறுநாள் கதவு திறந்தது. தென்னாட்டில் துப்பாக்கி ஒரு கோட்டையின் விதியைத் தீர்த்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அதற்கு முன் இல்லை.

வெற்றிக்குப் பின் கிருஷ்ணதேவராயர் நடந்துகொண்ட விதத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. நகரத்துக் குடிகளை அபயம் கொடுத்துக் காத்தார். அது அவருக்குப் பெருமை. ஆனால் சமாதானம் பேச வந்த இஸ்மாயிலின் தூதனை ஒரு மாதம் காக்கவைத்து, ஆதில்ஷா நேரில் வந்து தம் காலை முத்தமிட்டால் பிடித்ததையெல்லாம் திருப்பித் தருவதாகச் சொல்லியனுப்பினார். இந்தக் கோரிக்கையைச் சாக்காக வைத்துக்கொண்டு முத்கல் வரையிலும், பிறகு பிஜப்பூர் வரையிலும் போனார். வந்து முத்தமிடவேண்டியவர் வரவேயில்லை. இஸ்மாயிலோ, ராய்ச்சூரும் முத்கலும் மீளும் வரையில் மதுவைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டார். 1529இல் ராயர் இறந்தவுடனே இரு கோட்டைகளையும் பிடித்துக்கொண்டு அவர் விரதத்தை முடித்தார். அத்தனை பெரிய வெற்றியின் ஆயுள் பத்து வருஷந்தான்.

எஞ்சியதை விரைவில் சொல்லிவிடலாம். பின்னாளில் விஜயநகரத்தை நடத்திய ராமராயர் சுல்தான்களை ஒருவருக்கொருவர் எதிராகத் தூக்கியும் தாழ்த்தியும் அந்த விளையாட்டின் கூலியாக இடைதுறை நாட்டைத் திரும்பப் பெற்றார். அவருடைய குமாரன் ஒருவன் இறந்தபோது பிஜப்பூர்ச் சுல்தான் அலி ஆதில்ஷா நூறு பேரோடு மட்டும் நேரில் துக்கம் விசாரிக்க வந்தார். ராமராயரின் தேவி அவரை மகனாக ஏற்றுக்கொண்டாள். ஆனால் விடைபெற்றுப் போகும்போது ராமராயர் நகரத்துக்கு வெளியே வந்து வழியனுப்பவில்லை. அலி அதை மறக்கவில்லை. பிரோஸ்ஷாவுக்கு நேர்ந்த அதே குறை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே நகரத்தின் வாசலில்! பெரிஷ்டா ஒரே கதையை இரண்டு இடத்தில் பயன்படுத்தினாரா, அல்லது ராயர்களுக்கு வழியனுப்பும் பழக்கமே இல்லையா என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளட்டும். இந்த மனக்குறை எதுவானாலும், 1564இல் அலி தூதனுப்பிக் கேட்டவற்றுள் ராய்ச்சூரும் முத்கலும் இருந்தன. ராமராயர் தூதனைத் துரத்தினார். 1565 ஜனவரி 23இல், தலைக்கோட்டைப் போரில், கிருஷ்ணைக்குத் தெற்கே, இடைதுறை நாட்டின் தலைமாட்டில் ராமராயரின் தலை விழுந்தது. கோட்டைகள் இரண்டும் பிஜப்பூருக்குப் போயின. அத்துடன் வழக்கும் முடிந்தது. விஜயநகரம் துங்கபத்திரைக் கரையை விட்டுப் பெனுகொண்டைக்குப் போய்விட்டபடியால், வழக்காட எதிர்வாதி இல்லை.

1686இல் பிஜப்பூர் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தபின் அந்நாடு மொகலாயருக்கும், பிறகு ஹைதராபாத் நிஜாமுக்கும் உரியதாயிற்று. நிஜாம் சர்க்கார் தம் நாட்டில் நிறுத்தப்பட்டிருந்த துணைப்படையின் செலவுக்குக் கும்பினியாரிடம் கடன்பட்டு நின்றபோது, 1853ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பேராரோடு சேர்த்து ராய்ச்சூர் இடைதுறையும் பொறுப்பீடாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிப்பாய்ப் புரட்சியில் நிஜாம் விசுவாசமாயிருந்தமைக்கு வெகுமதியாக 1860இல் திரும்பிற்று. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல், கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு எழுதி மாற்றும் முறையில் அது கைமாறியது அதுவே முதல் தடவை. 1956இல் ராஜ்யங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, ராய்ச்சூர் ஜில்லா மைசூரோடு சேர்ந்தது. ஆலம்பூர், கத்வால் என்னும் இரண்டு தாலுக்காக்கள் மட்டும் நீக்கப்பட்டு ஆந்திரப் பிரதேசத்துக்குப் போயின. சுல்தானும் ராயரும் ஆளுக்கொன்றாகக் கோரிய இரண்டு நதிகளில் எதுவும் அப்போது இடைதுறையைப் பங்கிட்ட எல்லையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. புதிய கோடு கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடையே குறுக்காக, கன்னடம் பேசும் ஊர்களுக்கும் தெலுங்கு பேசும் ஊர்களுக்கும் நடுவாக, சோளக் கொல்லைகளின் ஊடே போயிற்று.